ட்ரெய்லர் பிரேக் பிடிக்கவில்லையா? காந்தம் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பிரேக்கை மிதிக்கிறீர்கள். டிரக் நிற்கப் பார்க்கிறது, ஆனால் பின்னால் வரும் ட்ரெய்லர் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. டிரக்கிலிருந்து ட்ரெய்லரின் மின்சார பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் கண்ட்ரோலரின் திரையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல்தான் தெரிகிறது. இந்த நிலையில் புதிதாக ட்ரெய்லர் இழுப்பவர்கள் செய்கிற முதல் காரியம் கடைக்குப் போய் எதையாவது வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். இரட்டை ஆக்சில் ட்ரெய்லரில் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் பிடிக்கவில்லை. சக்கரத்துக்குள் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் மின்காந்தத்துக்குப் போகும் ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.4 வோல்ட் காட்டியது. 'மின்சாரம் வருகிறது, அப்படியானால் காந்தம்தான் போய்விட்டது' என்று முடிவுகட்டி, இரண்டு காந்தங்கள் வாங்கி, ஒரு முழுநாள் கிரீஸில் புரண்டு மாற்றினேன். மாற்றிய பிறகும் பிடிக்கவில்லை.

கடைசியில் குற்றவாளி, அந்தப் பக்கத்து வெள்ளை ஒயரின் (எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) ஒரு இணைப்பு. உள்ளே செம்பு முழுக்கக் களிம்பேறி, இரண்டு மூன்று இழைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. மீட்டருக்கு வேண்டிய துளியூண்டு மின்னோட்டம் அந்த இழைகள் வழியாகத் தாராளமாகப் போனது. காந்தத்துக்கு வேண்டிய 3 ஆம்பியர் போகவில்லை. சுமை இல்லாமல் அளந்த வோல்ட் பொய் சொல்லும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு பாடத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது

இது தெரியாமல் மீட்டரைத் தூக்கிப் பயனில்லை. சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள்ளே, சுற்றாத தட்டு ஒன்றில் இரண்டு பிரேக் ஷூக்களும் ஒரு நெம்புகோலும் இருக்கும். நெம்புகோலின் நுனியில் ஒரு மின்காந்தம். கண்ட்ரோலர் மின்சாரம் அனுப்பியதும் காந்தம் டிரம்மின் உள்முகத்தில் போய் ஒட்டப் பார்க்கும். டிரம் சுற்றிக்கொண்டிருப்பதால் காந்தத்தையும் தன்னோடு இழுக்கும். அந்த இழுப்பில் நெம்புகோல் திரும்பி, ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். அதாவது பிரேக்குக்கு வேண்டிய பலத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பது மின்சாரம் அல்ல, சுற்றும் சக்கரமேதான். ட்ரெய்லர் நின்றுகொண்டிருக்கும்போது காந்தம் ஒட்டும், அவ்வளவுதான். ஷூ விரியாது. பின்னோக்கி நகரும்போது பிடிப்பு குறைவாக இருப்பதும் இந்த அமைப்பால்தான், அதைக் கோளாறு என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

டிரக்கில் உள்ள கண்ட்ரோலரில் இரண்டு வகைகள் உண்டு. பழைய, மலிவான வகை, பிரேக் விளக்கு எரிந்ததும் நீங்கள் வைத்த அளவுவரை படிப்படியாக மின்சாரத்தை ஏற்றும். டிரக் மெல்ல நிற்கிறதா, சடாரென்று நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மற்றது வேகம் குறைவதை உணர்ந்து, அதற்கேற்ற அளவு மின்சாரம் அனுப்பும். இந்த இரண்டாவது வகையில் புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. வண்டியை நிறுத்திவைத்துவிட்டு மிதியை அழுத்திப் பார்ப்பார்கள். திரையில் சொற்பமாக ஏதோ காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. உடனே கண்ட்ரோலர் செத்துவிட்டது என்று முடிவு. நின்ற வண்டியில் வேகம் எங்கே குறைகிறது, அது உணர்வதற்கு? நிறுத்திவைத்துச் சோதிக்கும்போது எப்போதும் கண்ட்ரோலரின் கைநெம்பியையே (மிதியைத் தொடாமல் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் நெம்பி) பயன்படுத்துங்கள்.

இதே காரணத்தால், வேகம் குறைவதை உணரும் வகையை டேஷ்போர்டின் அடியில் மாட்டும்போது வண்டி போகும் திசைக்கு நேராக மாட்ட வேண்டும். எத்தனை டிகிரி சாய்வு வரை பொறுக்கும் என்பது கையேட்டில் இருக்கும். யாரோ முழங்காலால் இடித்துக் கோணிப்போன கண்ட்ரோலரும் 'பலவீனமான பிரேக்' என்ற வேடத்தில் வரும்.

கையில் வேண்டியவை

ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஜாக்கி, ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கக் கட்டைகள், பிரேக் கிளீனர், கம்பி பிரஷ். இவற்றோடு, முடிந்தால், டிசி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர். வாங்கும்போது டிசியும் அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் பல, வீட்டு மின்சாரமான ஏசியை மட்டும்தான் அளக்கும். என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு மல்ட்டிமீட்டரைவிட இதுதான் முக்கியம்.

முதலில்: கோளாறு எந்தப் பாதியில்?

மொத்த அமைப்பும் இரண்டு பாதிகள். டிரக்கில் இருப்பது ஒன்று, ட்ரெய்லரில் இருப்பது ஒன்று. நடுவே ஏழு முனைப் பிளக். எந்தப் பாதி என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள்.

இதற்கு ட்ரெய்லரிலேயே ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. ஹிட்ச் (டிரக்கோடு ட்ரெய்லரை மாட்டும் இடம்) அருகே மெல்லிய கம்பிவடத்தோடு தொங்கும் பிரேக்அவே ஸ்விட்ச்தான் அது. ட்ரெய்லர் டிரக்கிலிருந்து கழன்று ஓடினால் அந்தக் கம்பி ஸ்விட்சின் முள்ளைப் பிடுங்கும், ட்ரெய்லரில் உள்ள சிறிய பேட்டரி நேராகப் பிரேக்குகளுக்கு முழு மின்சாரம் கொடுக்கும். டிரக்குக்கும் கண்ட்ரோலருக்கும் இதில் பங்கே இல்லை.

ஏழு முனைப் பிளக்கை முதலில் கழற்றுங்கள். மாட்டியபடியே முள்ளைப் பிடுங்கினால் மின்சாரம் பின்வழியாகக் கண்ட்ரோலருக்குள் போய் அதைக் கெடுத்துவிடக்கூடும். பிறகு சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு சக்கரத்தைத் தரையை விட்டு உயர்த்துங்கள். ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக்கி வைக்காதீர்கள், வளைந்துவிடும். சட்டத்தில் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். சக்கரத்தை முன்னோக்கிக் கையால் சுழற்றிவிட்டு, இன்னொருவரை முள்ளைப் பிடுங்கச் சொல்லுங்கள். சக்கரம் கப்பென்று நிற்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமாக இதைச் செய்யுங்கள். நிமிடக் கணக்கில் முள்ளை வெளியே விட்டுவைக்க வேண்டாம், பேட்டரி இறங்கும், காந்தமும் வீணாகச் சூடாகும்.

எல்லாச் சக்கரமும் நின்றால் ட்ரெய்லர் பாதி பெரும்பாலும் நலம். டிரக் அல்லது பிளக்கைப் பாருங்கள். எதுவுமே நிற்கவில்லை என்றால் உடனே ட்ரெய்லரைக் குற்றம் சொல்லாதீர்கள், முதலில் அந்தச் சிறிய பேட்டரியை அளங்கள். வருடக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளாமல் செத்துக்கிடக்கும் பேட்டரி இது. அமெரிக்காவில் வணிக வண்டிகளுக்கான கூட்டாட்சி விதி, ட்ரெய்லர் கழன்றபின் இந்தப் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்கிறது. ஆக, பேட்டரி சரியில்லை என்றால் அதுவே தனியாகச் சரிசெய்ய வேண்டிய ஒரு கோளாறு. சோதனைக்கு மட்டும் வேறொரு நல்ல 12 வோல்ட் பேட்டரியை, இடையில் 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ட்ரெய்லர் பிளக்கின் பிரேக் முனைக்கும் எர்த் முனைக்கும் நேராகக் கொடுத்துப் பார்க்கலாம்.

டிரக் பாதி

தனியாக வாங்கி மாட்டிய கண்ட்ரோலரில் வழக்கமாக நான்கு ஒயர்கள். கறுப்பு, பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃபியூஸ் அல்லது சர்க்யூட் பிரேக்கர் வழியாக வருவது. வெள்ளை, எர்த். சிவப்பு, பிரேக் மிதியின் ஸ்விட்சிலிருந்து வருவது. நீலம், ட்ரெய்லருக்குப் போவது.

ஒயரைத் தொடும் முன் ஒரு கேள்வி: கைநெம்பியை நகர்த்தினால் ட்ரெய்லர் பிடிக்கிறதா? கைநெம்பிக்குப் பிடித்து மிதிக்கு மட்டும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் தேடல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சிவப்பு ஒயர்தான். மிதியை விட்டிருக்கும்போது அதில் 0 வோல்ட், மிதித்தால் பேட்டரி அளவுக்கு 12 வோல்ட்டோ சற்று மேலோ வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்விட்ச், அதன் ஃபியூஸ், அல்லது இடையில் உள்ள இணைப்பு. மிதிக்காமலே சிவப்பில் மின்சாரம் இருந்தால் ட்ரெய்லர் எப்போதும் பிடித்துக்கொண்டே வரக்கூடும்.

கண்ட்ரோலர் விளக்கே எரியவில்லை என்றால் கறுப்பும் வெள்ளையும். கறுப்பில் மின்சாரம் இருக்கிறதா என்று மீட்டரைவிட டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிய உண்மையாகவே மின்னோட்டம் வேண்டும், அதனால் ஒரு இழையில் தொங்கும் இணைப்பு அதனிடம் எளிதில் தப்பாது. ஒளி மங்கினாலே சந்தேகப்படலாம். வெள்ளை ஒயரை டேஷ்போர்டுக்கு அடியில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்க்ரூவில் முடிந்திருந்தால், அதைப் பேட்டரியின் எதிர்முனைவரை நேராகக் கொண்டுபோய்விடுங்கள். பின்னால் வரப்போகும் பல வினோதங்கள் அதிலேயே தீரும்.

நீலத்தை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. கண்ட்ரோலர் மின்சாரத்தைத் தொடர்ச்சியாக அனுப்பாது, விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பும். பாதிப் பலத்தில் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். கண்ட்ரோலரில் வைக்கும் பலத்தை முழுதாக ஏற்றி, கைநெம்பியை முழுதாக நகர்த்தி அளங்கள். அப்போது பேட்டரியில் இருப்பதற்கு நெருக்கமான வோல்ட் வர வேண்டும்.

டிரக்கோடு வந்த கண்ட்ரோலர் கொஞ்சம் அடம்பிடிக்கும். ட்ரெய்லர் மாட்டியிருப்பதாக அதற்குத் தோன்றினால்தான் மின்சாரம் விடும். வெறும் சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் 0 காட்டும், அல்லது ட்ரெய்லர் இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப்பார்க்கும் சிறு துடிப்பு மட்டும் தெரியும். அதை வைத்துக் கண்ட்ரோலர் பழுது என்று சொல்லிவிட முடியாது. ட்ரெய்லரை மாட்டியபடியே, ட்ரெய்லரின் இணைப்புப் பெட்டியில் அளப்பதுதான் சரியான வழி. சில டிரக்குகளில் வண்டி நின்றிருக்கும்போது இது பலத்தை வேண்டுமென்றே குறைத்தும் வைக்கும். இன்னொன்று, புதிய டிரக் என்றால் ட்ரெய்லர் பிரேக்குக்கான ஃபியூஸ் அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தொழிற்சாலையில் போடாமலே அனுப்பப்பட்ட வண்டிகள் உண்டு.

நடுவில் இருக்கும் பிளக்

வட அமெரிக்காவில் பரவலாக உள்ள ஏழு முனைப் பிளக்கில், ட்ரெய்லர் பக்கம், நீலம் பிரேக், வெள்ளை எர்த், கறுப்பு பேட்டரி சார்ஜ், பழுப்பு பின்விளக்கு, மஞ்சளும் பச்சையும் இடது வலது விளக்குகள். மீதமுள்ளது பெரும்பாலும் ரிவர்ஸ் விளக்கு. ஆனால் முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்த ஒயரைக் கிடைத்த முனையில் சொருகியிருக்கலாம், டிரக் பக்கத்து நிறங்கள் வேறாகவும் இருக்கும். நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு முனையும் என்ன செய்கிறது என்று அளந்து உறுதிசெய்யுங்கள்.

பிளக்கைத் திறந்து பார்த்தால் பச்சையாகக் களிம்பு, வெண்மையாக உப்பு, தளர்ந்த ஸ்க்ரூ, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். கம்பி பிரஷால் சுரண்டி, ஸ்க்ரூக்களை முறுக்கி, மின் இணைப்புகளுக்கான கிரீஸ் லேசாகத் தடவுங்கள். மிக மோசமாக இருந்தால் பிளக்கை மாற்றிவிடுவதே மேல், சுத்தம் செய்து மூன்று மாதத்தில் மறுபடி அதே இடத்தில் மண்டியிடுவதைவிட. தண்ணீர் புகுந்த பிளக்கில் கறுப்பிலிருந்து நீலத்துக்கு மின்சாரம் கசிவதும் உண்டு. அப்போது யாரும் மிதிக்காமலே ட்ரெய்லர் பிடிக்கும்.

ட்ரெய்லர் பாதி: ஆம்பியர் பேசட்டும்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

10 அங்குல, 12 அங்குல பிரேக்குகளில் ஒரு காந்தம் முழுப் பலத்தில் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். எல்லாக் காந்தங்களும் பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றும் தனித்தனியாக நீலத்துக்கும் எர்த்துக்கும் இடையே, இணைந்திருப்பதால் கணக்கு நேரடியானது. இரண்டு சக்கரத்துக்கு 6, நான்குக்கு 12, ஆறுக்கு 18. ட்ரெய்லரின் நீல ஒயரைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். என்ஜினை ஓடவிட்டு, கைநெம்பியை முழுதாக நகர்த்துங்கள். அந்த ஒரு எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

நான்கு சக்கர ட்ரெய்லரில் 12-ஐ ஒட்டி வந்தால் மின்சாரப் பக்கம் நலம். இனிப் பார்க்க வேண்டியது ஷூ, டிரம், அட்ஜஸ்ட்மென்ட். 9 வந்தால் ஒரு காந்தம் வேலை செய்யவில்லை. 6 வந்தால் இரண்டு இல்லை, அநேகமாக ஒரு பக்கமோ ஒரு ஆக்சிலோ முழுதாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறது. 7, 8 என்று எந்தக் கணக்கிலும் அடங்காமல் மொத்தமாகக் குறைந்திருந்தால் எல்லாருக்கும் பொதுவான ஒயரில், முக்கியமாக எர்த்தில், தடை இருக்கிறது. 12-ஐத் தாண்டி எகிறினால், அல்லது கண்ட்ரோலர் 'ஷார்ட்' என்று கூவினால், ஒயர் எங்கோ இரும்பைத் தொடுகிறது, இல்லை காந்தம் உள்ளே தேய்ந்து சுருள் வெளியே வந்துவிட்டது.

கிளாம்ப் மீட்டர் இல்லாமல் சாதாரண மல்ட்டிமீட்டரைத் தொடரில் இணைத்து அளப்பதானால் கவனம். பெரும்பாலானவற்றின் எல்லை 10 ஆம்பியர். நான்கு காந்தங்களையும் சேர்த்து அளந்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஒரு காந்தமாகப் பிரித்து அளங்கள். ஓம் அளப்பதிலும் இதே போலத்தான். ஒரு காந்தம் தனியாக 3-லிருந்து 4 ஓம் காட்டும். நான்கும் சேர்ந்தால் 1 ஓமுக்கும் கீழே போய்விடும், அந்த இடத்தில் மீட்டர் ஒயரின் சொந்தத் தடையே எண்ணைக் குழப்பிவிடும். அதனால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். காந்தத்தின் இரண்டு ஒயர்களும் ஒரே நிறத்தில் இருக்கும், எது நேர் எது எதிர் என்று தேட வேண்டாம். ஒன்று நீலத்துக்கு, ஒன்று எர்த்துக்கு, எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். ஒயருக்கும் காந்தத்தின் உலோக உடலுக்கும் இடையே மீட்டர் எதையும் காட்டக்கூடாது, காட்டினால் உள்ளே ஷார்ட்.

மின்னோட்டம் குறைகிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. அப்போது அளக்க வேண்டியது இழப்பு. காந்தம் மாட்டியபடியே இருக்கட்டும், யாராவது கைநெம்பியைப் பிடித்திருக்கட்டும். காந்தத்தின் இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 12.6 இருந்து இங்கே 9 என்றால் 3.6 வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது. அடுத்து காந்தத்தின் எர்த் ஒயரில் ஒரு முனை, டிரக் பேட்டரியின் எதிர்முனையில் மறுமுனை. அரை வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் எர்த் நலம், நீலப் பக்கம் தேடுங்கள். இங்கேயே 3 வோல்ட் காட்டினால் குற்றவாளி வெள்ளைப் பக்கம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலேயே வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாகக் காந்தத்தை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் சடாரென்று ஏறுகிறதோ அதுதான். நான் அன்று காந்தத்தைக் கழற்றாமல் இப்படி அளந்திருந்தால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குள் போயிருப்பேன்.

சிலர் எர்த்துக்கு ஹிட்ச் பந்தை நம்புவார்கள். இரும்பு இரும்பைத் தொடுகிறதே என்று. கிரீஸும் துருவும் பூசிய அந்தத் தொடுதல் ஒரு மேடு பள்ளத்தில் விட்டுவிடும். பிளக்கின் வெள்ளை ஒயர்தான் எர்த், அது தடிமனாகவும் இருக்க வேண்டும்.

ஓடும்போது மட்டும் வந்து, நிறுத்திப் பார்த்தால் மறையும் ஷார்ட்டுக்கு ஒரு பிடித்தமான ஒளிவிடம் உண்டு, ஆக்சில் குழாயின் உட்புறம். ஒரு சக்கரத்திலிருந்து மறுசக்கரத்துக்கு ஒயரைக் குழாய்க்குள் விட்டிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஆடி ஆடி, துளையின் ஓரத்தில் உரசி, மேலுறை தேய்ந்துபோகும். உள்ளே இருப்பதை இழுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். இரு முனையிலும் வெட்டிவிட்டு, புதிய ஒயரை ஆக்சிலின் வெளியே கிளிப் போட்டுக் கொண்டுபோங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பாகாது. சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் உறையுள்ள கிரிம்ப் இணைப்பிகளைப் போடுங்கள்.

மீட்டரே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், ஒரு சாதாரணத் திசைகாட்டி போதும். பின்தட்டுக்கு (பிரேக் ஷூக்கள் இருக்கும் அந்தச் சுற்றாத தட்டு) அருகே காந்தம் இருக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு கைநெம்பியை நகர்த்தச் சொல்லுங்கள். முள் துள்ளித் திரும்பினால் காந்தம் உயிரோடு இருக்கிறது. எவ்வளவு பலமாக என்று அது சொல்லாது. காதை வைத்துக் கேட்டாலும் பாதிப் பலத்தில் ஒரு ரீங்காரம் கேட்கும்.

டிரம்மைக் கழற்றிய பிறகு

மின்சாரம் சரியாக இருந்தும் பிடிப்பு இல்லை என்றால்தான் இது. கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை: உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் (ஷூவில் டிரம்மோடு உரசும் பரப்பு) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

முதலில் மூக்கே சொல்லிவிடும், கிரீஸ் வாடை வருகிறதா என்று. வெளியிலிருந்தே கிரீஸ் அடிக்கும் வசதியுள்ள ஆக்சில்களில், உற்சாகத்தில் துப்பாக்கியை அழுத்திக்கொண்டே போனால் பின்பக்க சீல் பிதுங்கி, கிரீஸ் நேராக ஷூவில் இறங்கும். லைனிங் குடித்த கிரீஸ் எந்தக் கிளீனருக்கும் முழுதாக வெளியே வராது. ஷூவை மாற்றத்தான் வேண்டும், சீலையும் சேர்த்து.

காந்தத்தின் முகத்தில் ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பாருங்கள். தட்டையாக, சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். கோணலாகத் தேய்ந்திருந்தால் நெம்புகோலின் புஷ் (அது திரும்பும் அச்சின் உறை) தளர்ந்துவிட்டது. செம்புச் சுருள் கண்ணுக்குத் தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். ஒரு ஆக்சிலில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இழுக்கும். டிரம்மின் உள்முகத்தில் காந்தம் உரசும் வளையம் பள்ளம் பள்ளமாக இருந்தால் அதைக் கடைந்து சமப்படுத்த வேண்டும், அப்படிச் செய்தால் காந்தமும் புதிது போட வேண்டும். ஷூ உரசும் பகுதியை 10 அங்குல டிரம்மில் 10.090 வரைக்கும், 12 அங்குலத்தில் 12.090 வரைக்கும்தான் கடையலாம். மற்ற அளவுகளுக்கு டிரம்மிலேயே எல்லை பொறித்திருக்கும்.

யாராவது முன்பு இதைப் பிரித்து மாட்டியிருந்தால், ஷூக்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். லைனிங் குட்டையான ஷூ ட்ரெய்லரின் முன்பக்கம், நீளமானது பின்பக்கம். இடது வலது பிரேக்குகளையே மாற்றி மாட்டியவர்களும் உண்டு. ஆம்பியர் எல்லாம் பிரமாதமாக வரும், பிடிப்பு மட்டும் வராது.

சிறு சிறு புதிர்கள்

பிரேக் விடவே இல்லை, சக்கரம் சூடாகிறது: ஏழு முனைப் பிளக்கைக் கழற்றுங்கள். விட்டுவிட்டால் டிரக் அல்லது பிளக். விடவில்லை என்றால் பிரேக்அவே ஸ்விட்ச் உள்ளே துருவேறி ஒட்டியிருக்கலாம், அதன் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அப்படியும் விடவில்லை என்றால் இயந்திரப் பக்கம்தான், அதிகமாக முறுக்கிய அட்ஜஸ்டர் அல்லது உடைந்த ஸ்பிரிங்.

பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கிறது: நான்கு விளக்கும் மினுக்கும் அபாய விளக்கைப் போட்டிருக்கிறீர்களா? சில டிரக்குகளில் பழைய கண்ட்ரோலர் அந்த மினுக்கலையே பிரேக் என்று எடுத்துக்கொள்ளும். அது இல்லை என்றால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது, அல்லது பேரிங் தளர்ந்திருக்கிறது.

பல வாரம் நின்ற ட்ரெய்லர் முதல் சில நிறுத்தங்களில் வெடுக்கென்று பிடித்தால் அது டிரம்மின் மேல்துரு, தேய்ந்து போய்விடும். இன்னொன்று, ட்ரெய்லரில் மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) பிரேக் இருந்தால் கண்ட்ரோலரில் அதற்கென்று தனி அமைப்பு உண்டு. அதை மாற்றாமல் ஓட்டினால் எந்தச் சோதனையும் பொருந்தாது.

அட்ஜஸ்ட்மென்டும் பலமும்

பழுதே இல்லாமல் 'பலவீனமாக' இருக்கும் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை இது ஒன்றுதான். தானாகச் சரிசெய்துகொள்ளாத வகையில், ஷூ தேயத் தேய இடைவெளி கூடும், காந்தம் நெம்புகோலை வெகுதூரம் இழுக்க வேண்டியிருக்கும். டெக்ஸ்டர் நிறுவனத்தின் ஆக்சில் கையேடு முதல் 200 மைலில் ஒருமுறையும், பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறையும் சரிசெய்யச் சொல்கிறது. கிலோமீட்டரில் சுமார் 320, 4,800.

சக்கரத்தைத் தூக்குங்கள். பின்தட்டின் அடியில் உள்ள ரப்பர் மூடியை எடுத்தால் ஒரு நீள்துளை. அதன் வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு, உள்ளே உள்ள பல்சக்கரத்தைத் திருப்புங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றவே கஷ்டமாகும்வரை இறுக்கிவிட்டு, லேசான உரசலோடு தாராளமாகச் சுற்றும்வரை தளர்த்துங்கள். பத்துப் பல் அளவு தளர்த்த வேண்டியிருக்கும். ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். எல்லாச் சக்கரத்திலும் அதே சத்தம்.

அப்புறம் ஆளில்லாத, சமமான, காய்ந்த சாலைக்குப் போங்கள். சில முறை நிறுத்தி பிரேக்கைச் சற்றுச் சூடாக்குங்கள். மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் வேகத்தில், மிதியைத் தொடாமல் கைநெம்பியை மட்டும் முழுதாக நகர்த்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் உருளாமல் இழுபட்டால் பலம் அதிகம், குறையுங்கள். ட்ரெய்லர் சோம்பலாகத் தொடர்ந்தால் கூட்டுங்கள். இழுபடுவதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இந்த எண் சுமைக்குத் தக்கபடி மாறும். காலி ட்ரெய்லருக்கு வைத்ததை நிரம்பிய ட்ரெய்லரோடு மலைச்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முதல் பயணத்தில் பத்துப் பதினைந்து மைல் போனதும் ஓரங்கட்டி, ஒவ்வொரு சக்கரத்தின் ஹப் (நடுப்பகுதி) அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் பிடித்தாலே வெப்பம் தெரியும். நான்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தகித்தால் அதை இன்னும் இரண்டு பல் தளர்த்துங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சக்கரத்தின் ஒயரில் மறுபடி கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள்.